பிரித்துத் தைத்த சீருடைகள்

கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து அணைக்குப் போகும் ரோட்டில், ஓர் உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே இரண்டு தையல் கடைகள் உண்டு. ஒன்று என்னுடையது. மற்றது பாயுடையது. அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் கடை போட்டபோது, பக்கத்திலேயே போட்டிக்கு ஒருத்தன் வருகிறானே என்று அவர் முகம் சுளிக்கவில்லை. என் மிஷினின் பெல்ட் அறுந்த முதல் நாள் தன்னிடமிருந்த பழைய பெல்ட்டைக் கொண்டுவந்து அவரே மாட்டிவிட்டுப் போனார்.

எங்கள் இருவருக்குமே வருஷம் என்பது மே மாதம்தான். கரும்பு வெட்டு முடிந்து, கையில் ஏதோ மிச்சம் வைத்திருக்கும் குடியானவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சீருடை தைக்க வருவார்கள். வடக்கனந்தலிலிருந்தும் வருவார்கள். அளவு எடுக்கும்போது பையன்கள் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்துவார்கள். பெண்பிள்ளைகள் கூச்சப்பட்டு அம்மாவின் பின்னால் ஒளிவார்கள். "கொஞ்சம் லூசா வெச்சுத் தைங்க, ரெண்டு வருஷம் வரணும்" என்று சொல்லாத அம்மா கிடையாது. நான் தோளிலும் இடுப்பிலும் உள்ளே ஒரு விரல் துணி மடித்துவிட்டுத் தைப்பேன். மறு வருஷம் அதே பிள்ளை வரும். மடிப்பைப் பிரித்து விட்டுக் கொடுப்பேன். அந்த ஒரு மாத வேலையில்தான் கடை வாடகையும், வீட்டு ஓடு மாற்றுவதும், மற்ற பதினொரு மாதத்து மந்தமும் அடங்கியிருந்தன.

அப்புறம் சீருடை இலவசமாக வந்தது. முன்பே ஒரு ஜோடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்தான். மற்றதைக் கடையில் தைப்பார்கள். அது நான்கு ஜோடியானபோது கடையில் தைக்க ஒன்றும் மிச்சமில்லை. துணியை வெட்டி, பெண்கள் கூட்டுறவுச் சங்கங்களில் கொடுத்து, அவர்கள் தைத்து, அது பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்றார்கள். நல்ல விஷயம். எங்கள் தெருவிலேயே கிழிந்த சட்டையோடு பள்ளிக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் யாரிடமும் கோபப்பட்டுப் பேச முடியவில்லை. அந்த மே மாதம் நானும் பாயும் அவரவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் ரோட்டில் காய்ந்தது. ஒரு நாள் பாய் என் பக்கம் திரும்பி, "இன்னாப்பா, எல்லாம் தச்சு முடிச்சிட்டியா?" என்றார். இருவரும் சிரித்தோம். அந்த வருஷம் நாங்கள் சேர்ந்து சிரித்தது அநேகமாக அது ஒன்றுதான்.

என் மனைவிக்குத் தையல் நான் சொல்லிக் கொடுத்தது. கல்யாணமான புதிதில் சட்டைக்குக் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள். பிறகு ஜாக்கெட் தைக்கப் பழகி என்னைவிட நன்றாகத் தைத்தாள். பெண்கள் அளவு கொடுக்க அவளிடம்தான் போவார்கள். கடையில் இருந்த இரண்டாவது மிஷினில் சாயங்காலம் வந்து உட்கார்ந்து தைத்துவிட்டுப் போவாள். அடுத்த வருஷம் தை மாதம் அவள் ஒரு நாள் மதியம் கடைக்கு வந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டேன்.

"சங்கத்துக்கு. மெம்பரா சேத்துக்கறாங்க. மிஷின் இருந்தா போதுமாம், துணி அவங்களே வெட்டித் தர்றாங்க. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே?"

"கேட்டா வேணாம்னுவீங்க."

நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். என் மே மாதத்தைப் பிடுங்கிக்கொண்டு போன இடத்துக்கே இவள் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறாள். அதை அவளிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, பாய் தன் மிஷினை நிறுத்திவிட்டார். அவள் மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"நான் தைக்கலன்னா வேற ஒருத்தி தைக்கப் போறா. உங்க கடைக்கு வந்துடப் போவுதா அது?"

சொந்த மிஷின் வேண்டும் என்பதால் கடையிலிருந்த இரண்டாவது மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு லோடு ஆட்டோ பிடித்து நானே ஏற்றினேன். அது நின்றிருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். அதில் யாரும் உட்காரவில்லை.

துணி கட்டுக் கட்டாக வந்தது. சட்டைக்கான துண்டுகள் ஒரு கட்டு, கால்சட்டைக்கான துண்டுகள் ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் சைஸ் எழுதிய சீட்டு. பஸ்ஸில் போய் வாங்கி, தலைச்சுமையாகக் கொண்டுவருவாள். காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் என் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பாள், மறுபடி உட்காருவாள். முதல் கட்டை நான் பிரித்துப் பார்த்தேன். தொழில் புத்தி, சும்மா இருக்க முடியவில்லை. தோள் துண்டைத் தொட்டதுமே தெரிந்தது. உள்ளே மடிக்கத் துணியே விடாமல் வெட்டியிருந்தார்கள். நூற்றுக்கணக்கில் அடுக்கி மிஷினில் வெட்டும்போது துணியை மிச்சம் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். தவிர, பள்ளிக்கூடத்தில் எப்போதோ எடுத்த அளவு, அதையும் நாலைந்து சைஸில் அடக்கி வெட்டுவது; ஒரு பிள்ளைக்குத் தொங்கும், ஒரு பிள்ளைக்குப் பத்தாது. உடுப்பு கைக்குப் போகும்போது பிள்ளை வேறு ஆளாக வளர்ந்திருக்கும்.

"இதுல கொஞ்சம் விட்டுத் தைக்கக் கூடாதா?" என்றேன்.

"எங்க இருந்து விடறது? தர்ற துணிய தர்ற மாதிரி தச்சுக் குடுக்கணும். சைஸ் மாறினா திருப்பி அனுப்பிடுவாங்க."

அவள் தையல் மட்டும் குறை சொல்ல முடியாதது. தையல் முடிகிற இடத்தில் மூன்று முறை திருப்பி ஓட்டுவாள். இரண்டு முறை போதும், நூல்தான் வீண் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். கேட்கவில்லை. சங்கத்திலும் அப்படியேதான் தைத்தாள். கட்டு அதிகம் வந்த வாரங்களில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். நான் கடை சாத்திவிட்டு வந்து காஜா எடுக்க ஆரம்பித்தேன். பிறகு பட்டனும் நானே வைத்தேன். பெண்கள் சங்கத்தில் ஆண்கள் மெம்பர் ஆக முடியாது. ஆனால் அந்த வருஷம் சங்கத்திலிருந்து போன சட்டைகளில் எத்தனையோ என் கையும் பட்டுப் போனவை. கூலி சில மாதம் ஒழுங்காக வரும், சில மாதம் இழுக்கும். இழுக்கிற மாதங்களில் அவள் என் முகத்தைப் பார்க்காமல் இருப்பாள், நானும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

என் மகள் அப்போது அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவளுக்கு மட்டும் கடையிலிருந்து துணி எடுத்து நானே அளவெடுத்துத் தைத்தேன். வீம்புதான், வேறென்ன. தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் போட்டுக்கொண்டு போனாள். அப்புறம் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, பள்ளியில் கொடுத்ததையே போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு, "கலர் வேற மாதிரி இருக்குதுப்பா. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உண்மைதான், நான் எடுத்த துணி ஒரு சாயம் ஜாஸ்தி.

ஜூலையில் சீருடை பிள்ளைகள் கைக்கு வந்தபோதுதான் கடைக்கு மறுபடி ஆள் வர ஆரம்பித்தது. "தோள் இறங்குதுங்க", "இடுப்பு நிக்கல, கையில பிடிச்சுக்கினே போறான்", "கை பத்தல" என்று ஒவ்வொருவரும் ஒரு குறையோடு வந்தார்கள். புதிதாகத் தைப்பதற்கு வாங்கும் கூலியில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காத வேலை. ஆனாலும் வேலை. அரை பிளேடை எடுத்துத் தையலைப் பிரிப்பேன், குறைத்து மறுபடி தைப்பேன். மூன்றாவதோ நான்காவதோ நாளில் ஒரு சட்டையின் பக்கத் தையலைப் பிரித்தபோது பிளேடு முனையில் மாட்டி நின்றது. மூன்று முறை திருப்பி ஓட்டிய தையல். காலரைத் திருப்பிப் பார்த்தேன். காஜா நான் எடுத்தது. அந்தக் காஜாவின் ஓரம் எனக்குத் தெரியாதா?

சட்டையைக் கொண்டுவந்த அம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "யார்தான் இத தைக்கறாங்களோ" என்றாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. பிரித்து, இரண்டு பக்கமும் பிடித்து, தைத்துக் கொடுத்தேன். அவள் கொடுத்த காசை வாங்கிக்கொண்டேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஆனால் என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், மேஜையில் பிரித்துக் கிடந்த சட்டையை எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. நான் அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.

பிரித்துத் தைக்கிற வேலை என்னிடமே அதிகம் வந்தது. காரணம் எளிது. சங்கத்தில் தைக்கிறவள் என் மனைவி என்று ஊருக்குத் தெரியும். அவள் புருஷனிடம் கொடுத்தால் சரியாகச் செய்வான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாய் கடைக்குப் போனவர்கள் கம்மி. அவர் கூலியைக் குறைத்தார். நானும் குறைக்க வேண்டியதாயிற்று. பஸ் நிற்கும் இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தையல்காரர் எங்கள் இருவரைவிடவும் குறைத்தார். கடைசியில் மூன்று பேரும் நூல் காசுக்குப் பக்கத்தில் வந்து நின்றோம்.

ஒரு நாள் காலை டீக்கடையில் பாய் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உனக்கு இன்னாப்பா. உன் வூட்ல தச்சுக் குடுக்கறாங்க, நீ இங்க உக்காந்து பிரிச்சுத் தைக்கற. அந்தப் பக்கமும் உனக்கு, இந்தப் பக்கமும் உனக்கு."

"பாய், அவ வேணும்னா அப்படித் தைக்கறா? வெட்டறது அப்படி."

"நான் வேணும்னு தைக்கறாங்கன்னு சொன்னனா?"

சொல்லவில்லைதான். ஆனால் டீக்கடையில் நின்றிருந்த மூன்று நான்கு பேருக்கும் அப்படித்தான் கேட்டது. ஒருத்தர் சிரித்தார். நான் டீயை முடிக்காமல் வந்துவிட்டேன். அதிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சுவர் ஒன்றுதான், அவர் மிஷின் ஓடும் சத்தம் என் கடைக்குள் கேட்கும். எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று எண்ணாமல் இருக்க முடியாது. சில நாள் மதியம் வரை அது ஓடவே ஓடாது. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று நானே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் ஒன்றும் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. ஆனால் காசு என் கைக்குத்தானே வந்தது.

அந்த ஆகஸ்டில் ஓர் ஆசிரியர் கடைக்கு வந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலை போகும் வழியில் ஒரு பள்ளியில் வேலை. இங்கே குடியிருந்து தினமும் வண்டியில் மேலே போய் வருகிறவர். "பிள்ளைங்களுக்கு எல்லாமே பெருசா இருக்குதுங்க. மலைப் பிள்ளைங்க ஒல்லி. கீழ கொண்டாந்து ஒவ்வொண்ணா தைக்க அவங்களால முடியாது. ஒரு நாள் மிஷினோட மேல வர முடியுமா? எங்க வாத்தியார்ங்களே சேந்து கூலி தந்துடறோம்" என்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். சொன்னார். ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கிற வேலை இல்லை அது.

மனைவியைக் கூப்பிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் தைத்ததை அவளே போய்ப் பிரிப்பதா என்று விட்டுவிட்டேன். பாய் கடை வாசலுக்குப் போய் நின்றேன். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு. விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்ப போவணும்?"

"சனிக்கிழம."

"சரி" என்றார்.

லோடு ஆட்டோவில் இரண்டு மிஷின்களையும் நிற்க வைத்துக் கயிறு கட்டினோம். டிரைவர் பக்கத்தில் பாய், பின்னால் மிஷின்களைப் பிடித்துக்கொண்டு நான். வளைவுக்கு வளைவு மிஷின் என் மேல் சாய்ந்தது. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. பள்ளி சின்னது. ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி இடம் செய்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. சில பையன்களுக்குச் சட்டைக் கை முழங்கையைத் தாண்டித் தொங்கியது. கால்சட்டையை அரைஞாண் கயிற்றில் சொருகியிருந்தார்கள்.

பாய் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். அளவெடுப்பதை அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதோ பேசினார். "காலைல இன்னா சாப்ட்ட?", "மூச்ச வுடு, நான் இன்னா உன்ன கட்டியா போடப் போறேன்?" என்பார். பிள்ளைகள் சிரித்தன. சாக்பீஸால் துணியில் கோடு போட்டு என்னிடம் தள்ளுவார், நான் பிரித்துத் தைப்பேன். நடுவில் அவரும் வந்து உட்கார்ந்து பத்து உருப்படி தைத்துவிட்டு மறுபடி எழுந்துபோவார். இருபது வருஷம் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து தைத்தவர்கள், ஒரே அறையில் உட்கார்ந்து தைத்தது அன்றுதான்.

மதியம் சத்துணவு எங்களுக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டு வந்ததும் ஒரு பெண் பிள்ளை வரிசையில் நின்றாள். ஏழோ எட்டோ படிப்பவள். சுடிதாருக்கு மேல் போடும் மேல்கோட்டு தொளதொள என்று இருந்தது. பாய் டேப்பை நீட்டினார். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"எனக்கு வேணாங்க."

"ஏம்மா, உள்ள இன்னொரு ஆளு பூரலாம் போல இருக்குதே?"

"அடுத்த வருஷத்துக்கு ஆவும். நான் போட்டப்புறம் தங்கச்சிக்கும் ஆவும். வெட்டிட்டா ஆவாது."

"வெட்ட மாட்டோம்மா. உள்ள மடிச்சுத் தைப்போம். வேணும்னா பிரிச்சுக்கலாம்" என்றார் பாய்.

அவள் நம்பவில்லை. பாய் கீழே உட்கார்ந்து, தைத்து முடித்து வைத்திருந்த ஒரு கோட்டை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பி மடிப்பைக் காட்டினார். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். யோசித்தாள். கடைசியில் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். பாய் அந்தக் கோட்டை மறுபடி மடித்து வைத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

இறங்கி வரும்போது இருவருமே பின்னால் உட்கார்ந்தோம். முதுகு விட்டுப்போயிருந்தது. பாதி மலை இறங்கியதும் அவராகவே பேசினார்.

"இன்னிக்கு எத்தன பிரிச்சேன். தையல்ல ஒண்ணு கூட விட்டுப் போவல. உன் வூட்ல தச்சதும் அதுல இருக்கும். தச்சவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. கட்டிங்தான். ஒடம்பளவுக்கு வெட்டி, ஒரே ஒரு விரல் துணி உள்ள விட்டிருந்தா இவ்ளோ தூரம் நாம வந்திருக்க வேணாம்."

டீக்கடையில் சொன்னதற்கு மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவர் சொன்னதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். பிரித்துக்கொண்டிருந்த கட்டின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "பாயா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் முன்போல் சிரித்துப் பேசினாள்.

அந்த வருஷக் கடைசியில் சங்கத்தில் கட்டிங்குக்கு ஆள் தேடினார்கள். முன்பு வெட்டிக்கொண்டிருந்தவர் திருப்பூருக்குப் போய்விட்டார். தினக்கூலிக்கு, ஆண்களும் வரலாம். என் மனைவி அதை என்னிடம் சொன்னபோது குரலில் ஓர் ஆசை இருந்தது.

"நீங்க போலாம்ல? நிழல்ல நின்னு வெட்டற வேல. மாசம் ஒரு நிலையான காசு வரும். கடைய நம்பிக்கினு எத்தினி நாளு?"

இரண்டு நாள் யோசித்தேன். கடையைச் சாத்த வேண்டும். சாத்தினால் மறுபடி திறக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம், எதை நினைத்து இத்தனை நாள் மனசுக்குள் புகைந்துகொண்டிருந்தேனோ, அங்கேயே போய்க் கை கட்டி நிற்பதா என்றும் இருந்தது. அந்த இரண்டு நாளும் பக்கத்துக் கடை மிஷின் ஓடவில்லை. பாய்க்கு முழங்கால் வீங்கியிருந்தது, மிதிக்க முடியவில்லை. வாடகை கேட்டு வந்த கடைச் சொந்தக்காரரிடம் அவர் தாழ்ந்த குரலில் பேசுவது சுவர் வழியாகக் கேட்டது. மூன்றாம் நாள் போய் அந்தக் கட்டிங் வேலையைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

"நீ போவலியா?" என்றார்.

"எனக்குக் கட்டிங் உங்க அளவுக்கு வராது பாய்."

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வேலை கிடைத்தது. ஒரு மாதத்தில் கடையைக் காலி செய்தார். மிஷினை விற்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இப்போது அந்த இடத்தில் நைட்டியும் ரெடிமேடு சட்டையும் விற்கிறார்கள். வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பது என் கடை வாசலையும் கொஞ்சம் மறைக்கிறது. ஒரு தடவை சொன்னேன், நகர்த்தினார்கள். மறுநாள் மறுபடி அங்கேயே தொங்கியது.

அடுத்த வருஷம் ஜூலை வந்தது. சீருடை கொடுத்துவிட்டார்கள் என்று மகள் வந்து சொன்னாள். நான் பிளேடு வாங்கி வைத்தேன், நூல் வாங்கி வைத்தேன். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேர் பட்டன் விழுந்ததென்று வந்தவர்கள். ஒரு சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அளவு கச்சிதமாக இருந்தது; தோளில், பக்கத்தில், கையில், உள்ளே ஒரு விரல் துணி மடிந்து கிடந்தது. பாய் எப்படி அங்கே பேசி அதற்குச் சம்மதம் வாங்கினாரோ தெரியவில்லை. தேவைப்பட்டால் எந்த அம்மாவும் வீட்டிலேயே ஊசி நூல் வைத்துப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

"இந்த வருஷம் கடைக்கு ஆல்ட்டர் கம்மி இல்ல?" என்றாள் என் மனைவி, கட்டைப் பிரித்தபடி.

"கம்மிதான்."

"பாய் வெட்ட ஆரம்பிச்சப்புறம் தைக்க சுலபமா இருக்குது. சட்டைய திருப்பி அனுப்பறதே இல்ல."

அவளுக்குச் சந்தோஷம். அதை என்னிடம் மறைக்கவும் தெரியவில்லை, காட்டவும் தயக்கம். நான் காஜா ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தேன். என் ஜூலையை நானே எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். வருத்தம் என்று சொன்னால் மிகை. மலைப் பள்ளியிலிருந்து அந்த ஆசிரியர் அந்த வருஷம் வரவில்லை. வராமலிருந்தது நல்லதற்குத்தான். களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். ரொம்ப தூரம் பஸ்ஸில் வந்து, இறங்க வேண்டிய ஊர் பின்னாலேயே போய்விட்டது என்று தெரிந்தால் வருமே, அந்த மாதிரி.

கடையை இன்னும் சாத்தவில்லை. ஜாக்கெட் வருகிறது, புடவைக்கு ஓரம் அடிக்க வருகிறது, பைக்கு ஜிப் மாற்ற வருகிறது. நெல் நடவு நேரத்தில் சாக்குப் பை தைக்கக்கூடக் கொண்டுவருகிறார்கள். தைத்துக் கொடுக்கிறேன். மனைவி தைக்கும் சீருடைக்குப் பட்டன் வைப்பதும் நான்தான். வாரத்தில் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

போன மாதம் சங்கத்தில் மெம்பர்கள் கூட்டம். அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே ஆண்களுக்கு வேலையில்லை. வெளியே புங்க மரத்தடியில் பாய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பாதி இடம் விட்டு நகர்ந்தார். ஜன்னல் வழியே பெண்களின் சத்தம் கேட்டது. கூலி ஏன் இத்தனை தாமதம் என்று ஒருத்தி கேட்டாள். மேலேயிருந்து வந்தால்தானே தர முடியும் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒன்றும் புரியவில்லை.

"கடை எப்படிப் போவுது?" என்றார் பாய்.

"போய்க்கினு இருக்குது."

"முட்டி இப்ப தேவல. ஆனா நாள் பூரா நின்னா இடுப்பு புடிச்சுக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு ஆள் வேணும்னு கேக்கறாங்க. துணி ஜாஸ்தியா வருது. நான் ஒருத்தனா முடியல. சொல்லட்டுமா?"

"பாக்கலாம் பாய்."

"பாக்கலாம்னா எப்ப?"

"பாக்கறேன்" என்றேன்.

அவர் மேலே வற்புறுத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்து, உருட்டிக்கொண்டு இருந்தார். கூட்டம் முடிந்து பெண்கள் ஆளுக்கொரு லட்டுப் பொட்டலத்தோடு வெளியே வந்தார்கள். என் மனைவி புதுக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"இன்னா சொல்வாங்க. வரும்னாங்க" என்றாள். "போற வழியில ஒரு கடைல நிறுத்துங்க. நூல் தீந்துபோச்சு."